நீள விசில்

குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்ட அன்றுதான் அந்த விசிலை நான் ஊதினேன். ஐந்தருவி வரைக்கும் போய், மறித்து நின்ற போலீஸ்காரரிடம் கெஞ்சிப் பார்த்து, தலையில் வைத்த எண்ணெயோடு திரும்பினோம். எனக்கு ஒன்பது வயது. என் அழுகையை நிறுத்த வேறு வழி தெரியாமல் அப்பா பைக்கைக் கடையநல்லூர் ரோட்டில் விட்டார். அத்தை வேலை பார்க்கும் பறவைக் காட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி மாதக்கணக்கில் நச்சரித்திருந்தேன். அப்பா ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவந்தார்.

பறவைக் காடு என்பது புதுப்பெயர். அதற்கு முன் அது கல் குவாரி. அப்பாவும் அத்தையின் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். மாமா நான் பிறப்பதற்கு முன்பே குவாரியில் இறந்துபோனார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். பிறகு குவாரியை மூடினார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது, சுற்றிலும் மரம் நட்டார்கள், நீர்க்காகமும் நாரையும் தாமாக வந்து சேர்ந்தன. வேலைக்கு வைத்ததும் பழைய குவாரி ஆட்களைத்தான். பாறைக்கு வெடி வைத்த கைகள் மரக்கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தன.

விசில் அப்பாவுடையது. தகரப்பெட்டியின் அடியில் கிடந்ததை இரண்டு நாள் முன்பு திருடியிருந்தேன். குவாரியில் விசில் ஊதுவது அப்பாவின் வேலை. குட்டையாக மூன்று ஊதினால் திரி பற்றவைத்தாயிற்று, ஓடிப்போய்ப் படு. நீளமாக ஒன்று ஊதினால் மருந்து வைத்த எல்லாக் குழியும் வெடித்தாயிற்று, இனி வரலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் கண்ணாமூச்சிக்குப் பதில் விளையாடியதே இதைத்தான்.

பறவைகளெல்லாம் கரையில் சோம்பி உட்கார்ந்திருந்தன. ஒரு தடவையாவது பறக்கட்டும் என்று குட்டையாக மூன்று ஊதினேன்.

அடுத்த நொடி என் முகம் மண்ணில் இருந்தது. "படுட்டி!" என்று கத்திக்கொண்டு அப்பா என்மேல் விழுந்து கிடந்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் கைக்கு அடியில் தலையைத் திருப்பிப் பார்த்தால், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் குடத்தைப் போட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் சுருண்டிருந்தார். கேட்டில் சீட்டுக் கிழித்தவர் பெஞ்சுக்கு அடியில். அத்தை காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். பெரிய மனிதர்கள் இப்படிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. பறவைகள் மட்டும் நான் கேட்டபடி பறந்துகொண்டிருந்தன.

எதுவும் வெடிக்கவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஆனாலும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, நீள விசில ஊதுங்க. அத கேக்காம எந்திரிக்க வர மாட்டேங்குது" என்றார் தண்ணீர் ஊற்றியவர்.

அப்பா விசிலை என்னிடமிருந்து பிடுங்கினார். என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. விசிலை வாய்வரை கொண்டுபோனார், இறக்கிவிட்டார். மறுபடியும் கொண்டுபோனார். சின்ன விசிலை ஊதுவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. முதலில் எழுந்தவள் அத்தைதான். முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் அப்பாவிடம் வந்தாள்.

"ஊதுங்கண்ணே. இப்ப உள்ள யாரும் இல்ல."

அப்பா ஊதினார். நீளமாக, மூச்சு தீரும் வரைக்கும். எல்லோரும் எழுந்தார்கள். சத்தம் எதிரே மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எப்படியாவது சமாதானம் ஆகவேண்டுமே என்று நான் சொன்னேன்: "ரெண்டு விசில் கேட்டுச்சுப்பா. நான் எண்ணுனேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அத்தை அவர் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அத்தை சொன்னாள். மாமா இறந்த அன்று ஒன்பது குழிக்குத் திரி வைத்திருந்தார்களாம். அப்பா ஒன்பது வேட்டு எண்ணிவிட்டு நீள விசில் ஊத, மாமா உள்ளே இறங்கினாராம். வெடித்தது எட்டுதான். ஒன்பதாவதாக அப்பா எண்ணியது, மலையில் பட்டுத் திரும்பிய சத்தம்.

இது எதுவும் தெரியாமல், சரியாக எண்ணிச் சொன்ன பெருமையோடு நான் அப்பாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.