விரற்கருவி காட்டிய மூன்று லட்சம்

நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு சங்கிலி பிடித்தவர் பரசுராமன். அவர் அளந்த நிலத்தில் ஒரு சாண் பிழை வந்ததாக எவரும் சொன்னதில்லை. மனைவி தங்கம்மாளின் வயிற்றில் கட்டி என்று மருத்துவர் சொன்ன அன்றே, அறுவைக்கு முன் ஒரு மண்டலத்துக்குள் மூன்று லட்சம் முறை ஐந்தெழுத்து ஓதுவதாக அண்ணாமலையாரிடம் நேர்ந்துகொண்டார். மோதிரம்போல் விரலில் மாட்டும் எண்ணு கருவியொன்றைக் கோயில் வாசலில் வாங்கினார். ஓதலுக்கு ஓர் அழுத்து. எண் தானே ஏறும்.

நாற்பத்தெட்டாம் நாள் நண்பகலில் மூன்று லட்சம் நிறைந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அறுவை. நெஞ்சு குளிர்ந்தவர், மருத்துவமனையிலிருந்த தங்கம்மாளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நன்றியாக உருத்திராக்க மாலையில் ஒரு சுற்று ஓதினார். கட்டைவிரல் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே வந்தது. மாலையில் நூற்றெட்டு மணி. கருவியில் நூற்றுப்பதினெட்டு.

முதலில் மாலையை ஐயுற்று, மணிகளை மும்முறை எண்ணினார். பிறகு தம் நாவை ஐயுற்றார். கருவியை ஐயுற அவருக்கு அரைமணி பிடித்தது.

செங்கம் சாலையில் கடிகாரம் பழுதுபார்க்கும் கவுஸ் பாஷா அதை நூறுமுறை அழுத்திப் பார்த்தார்.

"உள்ள இருக்கிற சிப்புக்குக் கூட்டல் தெரியலீங்க ஐயா. பத்தாவது தடவை அழுத்தினா ரெண்டா ஏறுது."

"அப்போ எனக்கு எவ்ளோ கம்மி பாய்?"

பாஷா கால்குலேட்டரை எடுத்தார். பரசுராமன் அவர் கையைப் பிடித்தார்.

"வேணாம். அதுக்குள்ளயும் ஒரு சிப்பு இருக்குமில்ல."

தாளில் வகுத்துப் பார்த்தார்கள். இருபத்தேழாயிரத்து இருநூற்று எழுபத்துமூன்று குறைந்தது.

"தொழுதுட்டு நான் ஓதுறதும் இதே மாதிரி ஒண்ணுலதான்," என்ற பாஷா தம் சட்டைப்பையைத் தொட்டார். அதை வெளியே எடுத்துச் சோதிக்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

அப்போதிருந்து பரசுராமன் விரற்கணுக்களில் எண்ணி ஓதலானார். மருத்துவமனையிலோ தங்கம்மாள் எந்தக் கலக்கமுமின்றிப் படுத்திருந்தாள். "எங்க வூட்டுக்காரர் மூணு லட்சம் சொல்லி முடிச்சிட்டார். எனக்கென்னா பயம்?" என்று செவிலியர் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கேட்கக் கேட்க இவர் விரல்கள் இன்னும் வேகமாக மடிந்தன.

காலை பத்து மணிக்குத் தள்ளுவண்டி அறுவை அறை வாயிலில் நின்றது. தங்கம்மாள் அவர் உதட்டையே பார்த்தாள்.

"என்னாங்க, நேத்தே முடிஞ்சிடுச்சின்னீங்களே. இன்னும் என்ன முணுமுணுன்னு?"

கூட்டியோ குறைத்தோ சொல்லிப் பழகாத நா.

"மெஷின் தப்பா காட்டிடுச்சு. இன்னும் பதினாலாயிரம் இருக்கு."

அவள் முகம் வெளுத்தது. விரல்கள் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றின. வண்டி நகரத் தொடங்கியபோதுதான் பேசினாள்.

"பாதியில வுட்டுட்டு எங்கனா போய்டாதீங்க. இங்கயே உக்காந்து சொல்லுங்க. நான் வந்து எவ்ளோ ஆச்சுன்னு கேப்பேன்."

கதவு மூடியது. பரசுராமன் விரலை மடக்கினார்; எந்தக் கணு என்பது மறந்தது. நூறை எட்டுமுன் மூன்றுமுறை கணக்குத் தவறியது. மூன்றுமுறையும் ஒன்றிலிருந்தே தொடங்கினார்.