அத்தானுக்காகக் கேட்டதும் எனக்காகக் கேட்டதும்

மருந்தீசர் அடியார்களே, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறாம் வருடம், தீபாவளிக்கு முந்தின வாரம். தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பட்டுச்சேலைப் பிரிவில் நின்றவர் என் அக்கா வீட்டுக்காரர், சங்கரன் அத்தான். திருநெல்வேலியிலிருந்து நான்தான் அவரையும் அக்காவையும் வரவழைத்தேன். கடையில் கழிப்பறை ஒன்றுதான், மூன்றாவது மாடியில். சீசனில் சாப்பாட்டு நேரம் தவிர யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அத்தான் மட்டும் அடிக்கடி மாடியேறுவார். சொந்தக்காரரே இப்படிச் செய்தால் மற்றவர்கள் என்னை மதிப்பார்களா என்று எனக்கு எரிச்சல்.

ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், "என்ன அத்தான், மாடியில தனியா கடை போட்டிருக்கியளா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அதன்பிறகு அவர் மாடியேறவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சேலைக் குவியல்மேல் சாய்ந்துவிட்டார். சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்தார்கள். புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கிறது, இரண்டு சிறுநீரகமும் கெட்டிருக்கின்றன, தேறாவிட்டால் டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர்.

மறுநாள் விடிந்ததும் திருவான்மியூர் மருந்தீசர் கோயிலுக்கு ஓடினேன். ஈசன் முன் நின்று இரண்டு கேட்டேன். அத்தானைக் காப்பாற்று. நான் சொன்ன சொல் அக்காவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள். ஆம், அதையும் கேட்டேன். பாவி நான்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. எந்த வரிசை, எந்த அறை, ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் கல்யாணி அம்மா வந்தார். சிறுநீரகப் பிரிவில் நோயாளிகளுக்குக் கூடவே இருந்து வழிகாட்டுவது அவர் வேலை. முதலில் ரத்தம், அடுத்து ஸ்கேன், பிறகு டாக்டர் என்று துண்டுத்தாளில் எழுதிக்கொடுத்து, சக்கர நாற்காலியையும் அவரே தள்ளினார். மூத்திரப் பையை இடுப்புக்குக் கீழேதான் வைக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். எத்தனை நாளாகத் தொந்தரவு என்று அத்தானிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "நேத்துதாம்மா. அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல."

"இன்னா சார், அவரைப் பேச வுட மாட்றீங்களே? கொஞ்சம் வெளிய நில்லுங்க."

திரைக்கு வெளியே நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது. தொந்தரவு இரண்டு வருடமாக இருக்கிறது. மாடியேற வேண்டி வருமே என்று மூன்று நாளாகக் காப்பி, தண்ணீர் எதையும் சரியாகத் தொடவில்லை. ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்று பயம். அத்தான் அழுதார். ஓரிடத்தில்கூட என் பெயரைச் சொல்லவில்லை.

வெளியே வந்த கல்யாணி அம்மாவிடம் நானே சொன்னேன், "நாந்தாம்மா அவரப் போகவிடல."

அவர் திட்டவில்லை. "இத டாக்டராண்ட சொல்லிடுங்க சார். மறைச்சா கஷ்டம் அவருக்குத்தான்" என்று அழைத்துப்போனார்.

நாள்பட்ட அடைப்பு என்று தெரிந்ததும், குழாயை எடுக்காமலே வைத்துச் சிறுநீரகம் தேறட்டும் என்று டாக்டர் காத்திருந்தார். அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைக் கல்யாணி அம்மா கட்டிலருகே கூட்டிவந்தார். அந்த மனிதர் காதில் ஏதோ கிசுகிசுக்க, ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அத்தான் முதன்முறையாகச் சிரித்தார். சிறுநீரகம் கெட்டதால் ரத்தத்தில் ஏறியிருந்த உப்பு ஒவ்வொரு பரிசோதனையிலும் இறங்கியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. பிறகு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மாவை அனுப்பியது ஈசன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று என் கடையில் ஒவ்வொரு மாடியிலும் கழிப்பறை உண்டு. அந்தச் சட்டம் இல்லை.

என் இரண்டாவது வேண்டுதலை மட்டும் நானே திருப்பி எடுத்துக்கொண்டேன். இதை உங்களுக்கு எழுதுமுன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "காலையில காப்பி வேண்டாம்னாவ. ஏதோ விரதம்னுல்லா நெனச்சேன்" என்றாள், அவ்வளவுதான். அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடியார்களே, மருந்தீசரை நம்பிக் கேளுங்கள். கட்டாயம் ஆள் அனுப்புவார். அந்த ஆள் வந்து கேட்கும்போது மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.