ஈய அடைப்பும் இரும்புத் திருகும்

மதுரையில் நான் வேலை பார்த்த பஞ்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஓர் ஒல்லியான பிட்டர் இருந்தார். எதையும் தொடுமுன் புறங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார்.

அங்கே ஒரு மூடிய கூட்டுக்குள் மோட்டார் சுழற்றும் எண்ணெய்தான் இயந்திரத்தின் சக்கரத்தைத் தள்ளிச் சுழற்றும், மோட்டாரும் சக்கரமும் தொட்டுக்கொள்வதில்லை. சூடு மிஞ்சினால் அந்தக் கூட்டின் ஓட்டையிலுள்ள ஈய அடைப்பு உருகி எண்ணெய் கொட்டிவிடும், இயந்திரம் நின்றுவிடும். ஒருநாள் பஞ்சு சிக்கிச் சூடேறி அடைப்பு இருமுறை உருகியது. மேஸ்திரியின் ஏச்சுக்குப் பயந்து, அந்த ஓட்டையில் இரும்புத் திருகை முடுக்கினேன்.

அந்தப் பக்கம் வந்து புறங்கையை நீட்டிய பிட்டர், பாய்ந்து மோட்டாரை நிறுத்தினார்.

"யாருய்யா இதப் போட்டது? வெடிச்சா அம்புட்டுப் பேரும் காலி!"

என் எண்ணெய்க் கையைப் பார்த்தார்.

ஓடிவந்த மேஸ்திரியிடம், "அடைப்பு உருகிருச்சுண்ணே, மாத்தித் தாரேன்" என்றார். கழற்றிய திருகு பிட்டரின் சட்டைப்பைக்குள் போனது.

அதன்பின் பஞ்சு சிக்கும்போதெல்லாம் அந்தப் பையைத் தட்டிக்கொண்டே என்னைக் கடந்து போவார். காப்பாற்றினாரா, மிரட்டினாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.