வேம்பு நன்றி சொன்ன மார்கழி

மேற்கு மாம்பலத்தில் வேம்புவைத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் என்றால், அவர்களில் முப்பத்தொன்பது பேர் அவர் வாயால் ஒரு குறையாவது கேட்டவர்கள். மிச்சமிருந்த ஒருவருக்குக் காது மந்தம்.

வேம்புவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்டு. தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஐப்பசி மாதத்தோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரி படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது, தி. நகரில் ஒரு வகுப்பு நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

பத்து மாலைகள் நடக்கும் வகுப்பு. நடத்தியவர் நிரஞ்சன் என்ற வெள்ளை ஜிப்பாக்காரர். முப்பது வயதுக்குள் தன்னை முழுக்க அறிந்து முடித்துவிட்டு, மீதி ஆயுளை மற்றவர்களுக்காக ஒதுக்கியிருந்தார்.

நாலாம் நாள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மனக்கதவைத் திறந்து யார் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார் நிரஞ்சன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஜோதி தெரிந்தது. வேம்புவுக்குத் தெரிந்தது அவருடைய ஒரே பெண் ஹம்சினி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, எம்.எஸ்ஸி. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆன ராத்திரிதான் தன் தூக்கம் போனது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐம்பது பேர் நடுவில் விசித்து விசித்து அழுதார். கூடம் முழுக்கக் கைதட்டியது. வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் கைதட்டல் அதுதான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஐந்தாம் நாள் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்கள். தினம் மூன்று பேரிடம் நேரில் போய், கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, எதற்காக என்று விளக்கி நன்றி சொல்ல வேண்டும்.

வேம்புவின் வீட்டில் நன்றி என்ற சொல் விடுப்பு விண்ணப்பத்தின் கடைசி வரியில் மட்டுமே வசித்து வந்தது. சமையலறைப் பக்கம் அது எட்டிப் பார்த்ததே கிடையாது. மறுநாள் காலையில் அவர் அதைக் கையோடு அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"கோமளம், இருபத்தாறு வருஷமா எனக்குச் சமைச்சுப் போடறே. ரொம்ப நன்றி."

கோமளம் முதலில் அடுப்பை அணைத்தாள். "ஏன்னா, டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லைன்னார்."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு என் கையைப் பிடிச்சுண்டு நிக்கறேள்?"

அடுத்தவர் ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருந்த குலாம் ரசூல். "பாய், இருபது வருஷமா என் இடுப்பு பெருக்கப் பெருக்க பேன்ட்டைப் பிரிச்சு விட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒரு நாள் சிரிச்சதில்லை. நன்றி."

ரசூல் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி வைத்தார். "இன்னா சார், எங்கனா தூரமா போறியா?"

"இல்லையே, இங்கதான் இருக்கேன்."

"அப்பால இன்னாத்துக்கு இப்டி பேசிக்கினு கீறே? மொதல்ல குந்து." டீ வரவழைத்துக் கொடுத்தார். சாயங்காலம் தர்காவில் ஓதிய தண்ணீரோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

மூன்றாவது ஆள் கோபாலபுரத்தில் இருந்த மைத்துனி சீதா. ஹம்சினிக்கு வரன் கொண்டு வந்தவள். மாப்பிள்ளை வீடு அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. வேம்பு பஸ் பிடித்துப் போய், சீதாவின் கையைப் பிடித்து, நன்றியைச் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். அவர் மாம்பலம் வந்து சேர்வதற்குள் அவருடைய வியாதிக்குப் பெயர், காரணம், கெடு மூன்றும் முடிவாகியிருந்தன.

கோமளம் அவரை இழுத்துக்கொண்டு போய் எல்லாப் பரிசோதனையும் செய்ய வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த சீதா தலையை ஆட்டினாள். "எல்லாமே நார்மல்னா, அவாளுக்கே பேர் தெரியாத வியாதின்னு அர்த்தம். பாவம், அத்திம்பேர்."

மாப்பிள்ளையின் அப்பா கல்யாணராமன் உடனே வாத்தியாரைக் கூப்பிட்டுப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். கல்யாணம் ஆவணியில் என்று பேச்சு. ஹம்சினி சித்திரையில் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்க வேண்டும் என்பது வேம்பு அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே வாக்கு. இப்போது தை பத்தொன்பது என்று ஆயிற்று. "பொண்ணை மடியில வெச்சுண்டு தாரை வார்க்க அப்பா வேணுமோல்லியோ? அசம்பாவிதமா ஏதாவது ஆயிட்டா ஒரு வருஷம் தள்ளிப்போயிடுமே" என்றார். மாப்பிள்ளை கிரீஷுக்குப் பம்பாயில் வேலை. கல்யாணம் ஆன நாலாம் நாள் பெண்ணும் ரயிலேற வேண்டும்.

வேம்பு வீட்டுக்குள் நுழைந்தபோது ஹம்சினி தன் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"பரீட்சை எங்கப்பா ஓடிப்போறது? எப்ப வேணா எழுதிக்கலாம்." சிரித்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்லைம்மா."

"சரிப்பா." நோயாளிகளுக்குச் சொல்கிற அதே 'சரி'.

மறுநாள் வேம்பு கோபாலபுரத்துக்குப் படையெடுத்தார். பஸ்ஸில் வழி நெடுக வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டார். அங்கே போனதும், அவருக்குக் குளிரப் போகிறதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். கல்யாணராமன் ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் பேசினார். "வாங்கோ... மெதுவா... மெதுவா."

"நான் நன்னாத்தான் இருக்கேன். ஆவணியிலயே வெச்சுக்கலாம்."

"உங்க மனோதைரியம் யாருக்கு வரும்!"

"வியாதியே இல்லைங்கறேன் ஓய்!" என்று கத்தியதில் வேம்புவுக்கு இருமல் வந்தது. சம்பந்தி மாமி பூஜையறைக்கு ஓடினாள். பழைய வேம்புவைக் காட்டினால் நம்புவார்கள் என்று, காபி ஆறிவிட்டது, நாற்காலி ஆடுகிறது, வாசல்படி உயரம் என்று வரிசையாகக் குறை சொல்லிப் பார்த்தார். கல்யாணராமன் மனைவியின் பக்கம் திரும்பி, "கடைசியில இப்படித்தான் எரிச்சல் வரும். எங்க சித்தப்பாவுக்கும் வந்தது" என்றார். பிறகு கைத்தாங்கலாக அழைத்துப் போய் ஆட்டோவில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது, நாலு நாள் பழக்கத்தில் வேம்புவின் வாய் தானாகத் திறந்தது. "ரொம்ப நன்றி." கல்யாணராமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்துக்குப் போன் பண்ண உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்த வேம்பு ஹம்சினியை மேஜையில் எதிரே உட்கார வைத்து, வகுப்பு, வெள்ளை ஜிப்பா, நாலாம் நாள் அழுகை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அப்போ அம்மாகிட்ட, ரசூல் பாய்கிட்டல்லாம் சொன்னது?"

"ஹோம்வொர்க்."

"ஹோம்வொர்க்கா! எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

"உன்னைப் பத்தாம் நாளுக்கு வெச்சிருந்தேன். முன்னாடியே சொன்னா அழுதுடுவேனோன்னு பயம்."

ஹம்சினி முதலில் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே நீ யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாதே. புரிஞ்சுதா? என்கூட வா."

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்ப் பம்பாயிலிருந்த கிரீஷுக்குச் சுழற்றினாள். கண்ணாடிக்கு வெளியே, வரிசையில் காத்திருந்த நாலு பேரோடு வேம்புவும் நின்றார். அவள் உதடு அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. ஒரு தடவை கையை ஓங்கி மேஜையில் தட்டினாள். அலுவலகத்தில் முப்பது பேரை ஆட்டி வைத்தவரால் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் செய்ய முடிந்ததெல்லாம், தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொள்வதுதான்.

வெளியே வந்தாள்.

"என்னம்மா சொன்னே?"

"பரீட்சை எழுதாம மணையில உட்கார மாட்டேன், அதுக்காக வேற பொண்ணு பாக்கறதானா பாத்துக்கோங்கோன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அவருக்குச் சம்மதம்தானாம். ஆனா அம்மாவைக் கேட்டுத்தான் சொல்லுவாராம்."

"அந்த மாமி யாரைக் கேப்பா?"

"சீதா சித்தியை."

வேம்பு மகளையே பார்த்தார். கை தானாக நீண்டு அவள் கையைப் பிடித்தது. வாய் திறந்தது.

"வேண்டாம்ப்பா!" என்றாள் ஹம்சினி, வரிசையில் நின்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "நாலு பேர் நிக்கறா. காதுல விழுந்துதுன்னா, நாளைக்கே முகூர்த்தம் வெச்சுடுவா."