ஜும்ஆ நேரத்தில் கேட்ட குரல்

போன சனிக்கிழமை எங்கள் கிண்ணியா சுகாதார அலுவலகத்தில் ஒரு பிரியாவிடை. மருத்துவிச்சி பிலோமினா மிஸ்ஸி மாற்றலாகித் தோப்பூருக்குப் போகிறார். கேக், வாழைப்பழம், பிளேன்ரீ... வழக்கம்போல நான்தான் பிரதான பேச்சாளர். பொதுச் சுகாதாரப் பரிசோதகனுக்குத் தொண்டையை விட்டால் வேறென்ன முதல்?

நான் ஒருவழியாக முடித்ததும் மிஸ்ஸியைக் கூப்பிட்டார்கள். எழும்பினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கதைக்க ஏலாது, சேர்." அவ்வளவுதான், இருந்துவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா?

பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில் நகரத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர் அவர். வீடு பார்க்கப் போனால் வேலியோரம் குடையோடு நிற்பார், கூப்பிடமாட்டார். வாசலில் ஆண்கள் நின்றால் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

பிறகு பார்த்தால், பெண்கள் புழங்குகிற பின்வேலிக் கடப்பைக் கண்டுபிடித்துக்கொண்டார். அதால் நேரே குசினி. தேங்காய் துருவிக் கொடுத்தபடியே பிள்ளைத்தாய்ச்சியின் கால்வீக்கத்தைப் பார்த்துவிடுவார். முன்வாசலில் நின்று ஒரு வருடம் கத்தியும் நான் அறியாததை ஒரே கிழமையில் அறிந்துகொண்டார். ஆனால் ஆண்களோடு கதை? அது மட்டும் இல்லை.

அப்படியிருக்கத்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நிறைமாதப் பெண் ஒருத்திக்கு இரத்தப்போக்கு. நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். வாடகைக் காரில் ஏற்றித் துறையடிக்கு வந்தோம். காரை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை, 'பாதை' என்போம், கரையில் நிற்கிறது; பாதைக்காரர் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள்.

"இன்னும் அரை மணித்தியாலம்தான் மிஸ்ஸி, பொறுங்கோ" என்றேன்.

"அரை மணித்தியாலம் இந்தப் பிள்ளை தாங்காது, சேர்."

குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடக்கிறது. அந்த நேரம் கேட்டிருப்பவர் எவரும் வாய் திறக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவனைப் 'பேசாதே' என்று அதட்டவும் கூடாது. மிஸ்ஸி வெளிவாசலில் நின்றார்.

"பாதைக்காரர் வாங்கோ. துறையடியில ஒரு தாய் கிடக்கிறா. தொழுகை முடியுமட்டும் இருக்க மாட்டா."

அந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு குரல் எங்கேதான் இருந்ததோ! உள்ளே அத்தனை தலைகளும் திரும்பின. எனக்கு உயிரே போய் வந்தது. ஆனால் மிஸ்ஸி அசையவில்லை.

அங்கே பேசக்கூடியவர் ஒரேயொருவர், மிம்பர் மேடையில் நின்ற லெப்பை. பிரசங்கத்தை நிறுத்தினார்.

"பாதைக்காரர் எழும்பிப் போங்க. உயிரைக் கரை சேர்த்துப்போட்டு வந்து ஜும்ஆவுக்குப் பதிலா லுஹர் தொழலாம்."

பாதை புறப்பட்டது. தாயும் தப்பினாள், பிள்ளையும் தப்பியது. அக்கரையில் இறங்கும்போதுதான் கவனித்தேன், குடையைப் பிடித்திருந்த மிஸ்ஸியின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பயம் போய்த்தான் தைரியம் வரும் என்று நினைத்திருந்தவன் நான். பயத்தையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றவரைப் பார்த்து மலைத்துப்போனேன். இன்றைக்கும் அந்த மலைப்புத் தீரவில்லை.

தன்னைப் பற்றிக் கதைக்கத்தான் அவருக்கு ஏலாது. கதைக்காவிட்டால் என்ன?

பிரியாவிடையில் நான் பேசியது அரை மணித்தியாலம். துறையடியில் அவரைப் பொறுக்கச் சொன்னதும்... அதே அரை மணித்தியாலம்தான்.