எங்கப்பா எதிர் ஹோட்டலில் அறை கேட்டது

இல்லை, காது மட்டும்தான் எங்கப்பாவுடையது. மூக்கு சம்பந்தி வீட்டு மூக்கு. அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பேத்தி பிறந்ததிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை. இப்படி இரண்டு பக்கமும் விடைத்துக்கொண்டு நிற்கிற காதை வைத்துத்தான் எங்கப்பா ஹோட்டலே நடத்தினார்.

சாப்பாட்டு ஹோட்டல் இல்லை, அறை எடுத்துத் தங்குகிற ஹோட்டல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஆறு அறை. கீழே முன்பக்கம் மேஜையும் சாவி மாட்டுகிற பலகையும். பின்பக்க அறையில் அம்மாவும் நானும். அப்பா மேஜைக்குப் பின்னால் பெஞ்சில் படுப்பார், கடைசி பஸ்ஸில் வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள் என்று. கல்யாணமான நாளிலிருந்து பெஞ்சுதான் என்பாள் அம்மா. அப்படியானால் நான் எப்படிப் பிறந்தேன் என்று அவளிடம் கேட்க முடியாது.

அந்தக் கட்டடத்தில் அப்பா முதலில் அறை கூட்டுகிற வேலைக்குத்தான் சேர்ந்தார். பழைய முதலாளி காலத்தில் ஒரே வருஷத்தில் இரண்டு பேர், ராத்திரி படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேருமே வயதானவர்கள், நோயாளிகள். ஊர் வாய் அதையெல்லாம் பார்க்குமா. படுத்தால் எழுந்திருக்க முடியாத ஹோட்டல் என்று பேராகிவிட்டது. முதலாளி வெறுத்துப்போய், கூட்டுகிறவர் தலையிலேயே கட்டடத்தைக் கட்டிவிட்டுப் போனார். அப்பா பெயர்ப்பலகையை மாற்றினார், கதவுகளுக்கு வேறு நிறம் அடித்தார், அறை நம்பர்களைக் கலைத்துப் போட்டார். ஊர் மறக்க நாலைந்து வருஷம் பிடித்தது. அதிலிருந்து அவருக்கு ஒரே கொள்கைதான்: நம் ஹோட்டலில் யாரும் சாகக் கூடாது.

அதற்குத்தான் காது. யாராவது வந்து அறை கேட்டால் சாவியைக் கொடுத்து, "நீங்களே மேல போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார். பெட்டியை வாங்கிக்கொள்ள மாட்டார். படிக்குக் கீழே சுவரோடு ஒட்டி நிற்பார். மூச்சு சீராக மேலே போனால் அறை உண்டு. நடுவில் நின்று இரைத்தால், "ஐயா, எறங்கிடுங்க, அங்க வெள்ளையடிக்கிறாங்க, மறந்தே போச்சு" என்று சொல்லி எதிர் ஹோட்டலுக்குக் கையைக் காட்டுவார்.

எதிர் ஹோட்டல் என் தாய்மாமாவுடையது. அம்மாவின் அண்ணன். அங்கே மாடி கிடையாது. அதனால் மாமா டீ கொடுப்பார். வந்தவர் டம்ளரைத் தூக்கும்போது கையைப் பார்ப்பார். டீ தளும்பினால், "அடடா, இப்பத்தான் கடைசி ரூம் போச்சு. எதுத்தாப்புல எங்க மாப்ள ஹோட்டல் இருக்கு" என்று இந்தப் பக்கம் திருப்பிவிடுவார். ஒரு குமாஸ்தா பெரியவர் இப்படி ஒரே சாயங்காலத்தில் ரோட்டை அங்கும் இங்குமாகக் கடந்து, மாமாவிடம் இரண்டு டீயும் குடித்துவிட்டு, கடைசியில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கப்பாவுக்குப் பிறகும் வெகு காலம் இருந்தார்.

அப்பாவுக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில போட்டும் பிரயோஜனம் இல்லப்பா. இதயம் ஓஞ்சு போச்சு. வீட்ல வச்சு நல்லபடியா பாத்துக்குங்க."

உள்ளேயிருந்து அப்பா கேட்டார்: "எந்த வீட்ல?"

டாக்டர் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்களுக்கு வேறு வீடு ஏது. அப்பா இங்கே போய்விட்டால் ஹோட்டலும் கூடவே போகும். எனக்கும் அம்மாவுக்கும் வேறு பிழைப்பு கிடையாது. மூன்று பேருக்கும் அது தெரியும். அம்மா மட்டும் தெரியாத மாதிரி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பா துணிப்பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நான் துவைத்த போர்வைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரூம் ஒண்ணு வேணும் மச்சான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"அதை டாக்டர்கிட்டத்தான் கேக்கணும்."

மாமா உள்ளே திரும்பி ஒரு டீ என்றார். டீ வந்தது. அப்பா டம்ளரைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"டீ ஆறுது மாப்ள."

"நான் டீய விட்டுட்டேன்."

"எப்பலேருந்து?"

"இப்பத்தான்."

மாமா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ரூம் எல்லாம் ஃபுல்லு."

"சாவியெல்லாம் ஆணியில தொங்குது?"

"வெளிய போயிருக்காங்க."

"எல்லாருமா?"

"ஒரே குடும்பம்."

"மச்சான், உன் தங்கச்சிய நெனச்சுப் பாரு. நான் அங்க போய்ச் சேந்தா அவ பொழப்பு போச்சு."

"இங்க போய்ச் சேந்தா என் பொழப்பு போச்சு. அப்புறம் நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா யாரு பாக்குறது? நாந்தானே?"

அதில் நியாயம் இருந்ததால் அப்பா யோசித்தார். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கையில் கரண்டி இருந்தது. யாரையும் அடிக்க இல்லை, வைக்க மறந்து வந்திருக்கிறாள்.

"ஏண்ணே, எத்தனை கெழவனுங்கள ரெண்டு பேருமா இந்த ரோட்டுல உருட்டி விட்டீங்க? இப்ப இவரையும் உருட்டணுமா?"

"ரூம் இல்லேன்னுதாம்மா சொன்னேன்."

"நீ குடுக்கவே வேணாம்." அப்பா பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க. இன்னையோட ஹோட்டல் கெடையாது. அது வீடு. வீட்ல யாரு வேணாலும் சாகலாம்."

அன்றைக்கே என்னை ஏணி போடச் சொல்லிப் பெயர்ப்பலகையைக் கழற்றினாள். தங்கியிருந்தவர்களை மாமாவிடம் அனுப்பினாள். எல்லோரும் டம்ளரை ஆடாமல் பிடித்ததால் மாமா ஏற்றுக்கொண்டார். நானும் பஸ் ஸ்டாண்டு சுமைகூலிக்காரர் ஒருவருமாக அப்பாவை நாற்காலியோடு தூக்கிப்போய் மாடி முன்னறையில் படுக்க வைத்தோம். ரோட்டைப் பார்த்த ஜன்னல் இருக்கிற அறை. சொந்த ஹோட்டலில் அவர் அறையில் படுத்தது அதுதான் முதல் தடவை. காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மெத்தையில எப்படிடா ஆளுங்க படுத்தாங்க? நடுவுல ஒரு மேடு."

"யாரும் சொல்லலையேப்பா."

"நல்ல மனுஷங்க. நானா இருந்தா சண்டை போட்டிருப்பேன்."

மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உதறி மறுபடி தைத்தேன். அடுத்து, குழாய் சொட்டுகிறது என்றார். ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்றார். ஆளே வராத ஹோட்டலை நான் நாள் முழுக்க ரிப்பேர் பார்த்தேன். குறை சொல்லச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பஸ் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறங்குகிற ஆட்களில் யார் யாருக்கு அறை கொடுக்கலாம் என்று அப்பா சொல்லுவார். அம்மா எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள், ஒரு நாள் வெயில் ஏறுகிற நேரத்தில், போய்விட்டார்.

எல்லாம் முடிந்து பலகையைத் திரும்ப மாட்டினோம். ஒருவரும் வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அம்மா தினமும் அறைகளைக் கூட்டினாள்.

ஒரு நாள் காலையில் மாமா பெட்டியோடு வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

"ரூம் வேணும்டா. உங்கப்பன் படுத்திருந்த ரூம்தான் வேணும்."

"உங்களுக்கே அங்க அத்தனை ரூம் இருக்கே மாமா."

"எல்லாம் ஃபுல்லு."

மாமா கனத்த சரீரம். படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். அதிலிருந்து தினமும் காலையில் அந்த ஜன்னலில் நின்று பல் தேய்ப்பார். கீழே போகிறவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ராத்திரி நன்றாகத் தூங்கினதாகச் சொல்லுவார். யாரும் நம்பாவிட்டால் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். அவருடைய ஹோட்டலை அத்தை பார்த்துக்கொண்டாள். ஒரு மாசத்துக்குப் பிறகு ஒரு சீப்பு வியாபாரி, மேலே அந்தக் குண்டு மனிதருக்குப் பக்கத்து அறை காலியா என்று கேட்டு வந்தார். நான் அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினேன்.

அம்மா இதைச் சொன்னது அதற்கும் பிறகுதான். அப்பா போன அன்று காலையில் அவள் பால் கொண்டு போனபோது அவர் விழித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாராம். ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்டாளாம்.

"தூங்கினேன். ரூம் நல்லாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமான்னு கீழ கேட்டுட்டு வா."