காப்பிக் களத்துக்கு அடியில்

என் மாமா குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மாவின் அண்ணன். டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு பெட்டி முழுக்கக் காப்பிப்பொடியும் பலாப்பழ சிப்ஸும்தான் இருக்கும். காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார். நாயோடு நடக்கிற வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் கையாட்டுவார். இரண்டே வாரத்தில் எங்களுக்குப் பெயர் தெரியாத அண்டைவீட்டார்கூட அவரிடம் முதுகுவலியைச் சொல்லி அழுவார்கள். தங்கமான மனுஷன் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருஷம் சித்தியும் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள். அம்மாவின் தங்கை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் அப்பா, "உங்க சித்தி மேப்புக்கு கலர் அடிக்கறா" என்பார். கிண்டல்தான், ஆனால் அதில் பாதி உண்மை. அம்மாவின் ஊருக்கு மேலே உள்ள மலையின் வரைபடம் அது. அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிற சனங்களிடம் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. மலையைச் சரணாலயம் ஆக்கப்போவதாகப் பேச்சு. சரணாலயமோ, ரோடோ, தண்ணீர்த் திட்டமோ, எது வந்தாலும் எந்த இடத்துக்கு யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பது? படத்தில் பேர் இல்லாதவனை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் சித்தி படம் போட்டாள்.

நிலம் யாருடையது என்று கேட்டால் அந்தச் சனங்கள் சிரிப்பார்களாம். இங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டுமாம். இறந்தவர்களைப் புதைத்து ஆளுக்கு ஒரு கல் நடுவது அவர்கள் வழக்கம். எந்தக் கூட்டத்தாரின் கற்கள் எங்கே நிற்கின்றனவோ அந்த இடம் அந்தக் கூட்டத்தாருக்கு. கூட்டத்துக்கு ஒரு நிறம். அச்செடுத்த பிரதி ஒன்றில் நிறம் தீட்டுகிற வேலையைச் சித்தி எனக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

படத்தின் நடுவில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அது எங்கள் எஸ்டேட். அம்மாவின் தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் விலைக்கு வாங்கியது. இப்போது மாமா பார்த்துக்கொள்கிறார். தனியார் நிலம் என்று சித்தியே விட்டுவிட்டாள். பிறந்த வீட்டைப் பார்த்து யாருக்குத்தான் கேள்வி கேட்கத் தோன்றும்?

மாமா வந்திருந்த சமயம், ஒரு சனிக்கிழமை காலை. மலையில் அது சாயங்காலம். சித்தி லேப்டாப்பை டிவியோடு இணைத்து ஹாலில் உட்கார்ந்திருந்தாள். நான் கலர் பென்சில்களோடு அவள் காலடியில். அன்று வீடியோ காலில் பேச வேண்டியது கடைசிக் கூட்டத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்க, ஒரே ஒரு அம்மாள்தான் பேச ஒத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அங்கே சித்திக்கு உதவியாக இருக்கிற பையன் போனை எதன்மீதோ சாய்த்துவைத்துவிட்டு வெளியே போய்விட்டான். டிவி முழுக்க அவர் முகம்தான். வெற்றிலை போட்ட வாய், கலகலவென்ற சிரிப்பு.

எல்லாரிடமும் சொல்வதைச் சித்தி அவரிடமும் சொன்னாள். "அக்கா, நீங்க சொல்றதை மட்டும்தான் எழுதுவோம். அப்புறம் வேணாம்னு தோணினா சொல்லுங்க, எடுத்துடுவோம்."

"எதுக்கும்மா எடுக்கறது? உள்ளதைத்தானே சொல்லப்போறேன்" என்றார் அந்த அம்மாள். பிறகு விரல் மடக்கிப் பேர் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அப்பா, பாட்டன், பாட்டனின் அக்கா.

"எல்லாரும் பெரிய தண்ணித் தொட்டிக்குக் கீழாலதான் படுத்திருக்காங்கம்மா. கல்லையெல்லாம் பேத்துப்போட்டு சிமிட்டி பூசிட்டாங்க. இப்ப அதுமேல காப்பி காயுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர்த் தொட்டி, சிமெண்ட் தரை, காயப்போட்ட காப்பிக்கொட்டை. ஐயோ, ஒவ்வொரு லீவிலும் நான் வட்டம் வட்டமாக சைக்கிள் விடுகிற இடம்! என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

"சித்தி! பட் தட்ஸ் அவர் களம்! மாமாஸ் களம்! ஐ பைக் தேர்!"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மடியில் கிடந்த படத்தை எடுத்து, வெள்ளை இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சமையலறையிலிருந்து அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஆஃப் பண்ணுடி. மொதல்ல அதை ஆஃப் பண்ணு."

"இரு அக்கா, ப்ளீஸ். அவங்க பேசிட்டு இருக்காங்க."

"அங்க யாரு பாப்பா பேசறது?" என்று டிவியில் அந்த அம்மாள் கேட்டார்.

அப்போதுதான் மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். தூங்கி எழுந்த முகம், கலைந்த தலை. என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, என் தலையில் கைவைத்து, டிவியைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, நம்ம வள்ளியா? என்னம்மா, நல்லா இருக்கியா?"

டிவியில் முகம் காணாமல் போயிற்று. புடவையும், வயிற்றோடு கோத்துப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன.

"நல்லா இருக்கேனுங்க மொதலாளி" என்று குரல் மட்டும் வந்தது. அந்தக் கலகலப்பு அதில் இல்லை.

"உன் பையன் நம்ம ஜீப்தானே ஓட்றான்? நல்லா ஓட்றான். எஸ்டேட்ல உன் லைன் வீட்டுக்குக் கூரை மாத்தச் சொல்லிட்டு வந்தேனே, மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க மொதலாளி."

"மழைக்கு ஒழுகலையே?"

"இல்லீங்க."

"சரி சரி. என்னமோ சொல்லிட்டு இருந்தியே, சொல்லு."

தோசை தீய்கிற வாடை வந்தது, அம்மா நகரவில்லை. அப்புறம் அந்தக் குரல் சொன்னது: "எனக்கு என்னங்க தெரியும்? டீச்சரம்மா, நான் சொன்னதையெல்லாம் எடுத்துப்போடுங்க. தெரியாம உளறிட்டேன்."

"அக்கா, அக்கா, கட் பண்ணாதீங்க" என்று சித்தி கெஞ்சக் கெஞ்ச டிவி கறுத்துப்போயிற்று.

சித்தி அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "ஏன்ணா அவங்களை மெரட்டினே?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டாள். மிரட்டினாரா? எங்கே மிரட்டினார்? பையனை விசாரித்தார், கூரையை விசாரித்தார். எங்கள் ஸ்கூலில் இதற்கெல்லாம் ஸ்டிக்கர் கொடுப்பார்கள்! மாமாவும் அதையேதான் சொன்னார். "நலம் விசாரிச்சேன். அது ஒரு தப்பா?" குரல் அப்போதும் உயரவில்லை. அம்மாதான் எகிறினாள். "சோறு போட்ட வீட்டுக்கே மேப் போட்டுக் குடுக்கறியாடி நீ?"

அந்த அம்மாள் சொன்னதையெல்லாம் சித்தி எடுத்துவிட்டாள். எடுத்துத்தானே ஆக வேண்டும்? வாக்குக் கொடுத்திருந்தாளே. வேறு யாரும் அந்தக் கூட்டத்திலிருந்து பேச வரவில்லை. அந்த மாதமே அவள் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அக்கா தங்கை இருவரும் இன்றுவரை கல்யாண வீடுகளில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பின்னால் சரணாலயம் வந்தது. நிறம் தீட்டிய இடங்களிலெல்லாம் ஆட்களைக் கூட்டிவைத்துக் கேட்டார்களாம். அந்த அம்மாளின் சனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க ஒருவரும் இல்லை என்றல்லவா படம் சொன்னது?

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? செத்தவர்கள்மேல் சைக்கிள் விட்டுவிட்டோமே என்ற பயம் ஒரு பக்கம், சித்தி அழுகிறாளே என்ற வருத்தம் ஒரு பக்கம். படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தவளிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"சித்தி, அந்த ஆன்ட்டியோட போன் கீழ சாஞ்சிருச்சு. அதான் ஃபேஸ் தெரியல. திரும்ப கால் பண்ணி, போனை நேரா வைக்கச் சொல்லு."

சித்தி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

போன் சாயவே இல்லை. அது வைத்த இடத்திலேயேதான் இருந்தது. கடல் தாண்டி, டெக்சாஸில் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்த என் மாமாவைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்து நின்றிருக்கிறார்.